நாயை வாக்கிங் கூட்டிப்போக ஆள் வைக்கிறீர்களா? சென்னையில் நாய் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையிலும் மாலையிலும் நாயை வெளியே கூட்டிப்போக மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது சென்னையில் இன்று சாதாரணமாகிவிட்டது. வேலைக்கு வருபவரைப் பெரும்பாலானவர்கள் ‘டாக் வாக்கர்’ அல்லது வெறுமனே ‘வாக்கர்’ என்கிறார்கள். முதல் கேள்வி வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று நாய் வந்து சொல்லப்போவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லும் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் இதில் உண்மையான வேலை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை மனதில் வைத்து எழுதியவை.

எல்லா நாயையும் வாக்கரிடம் கொடுக்கலாமா?

கூடாது. தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிக்கு ஏறக்குறைய 16 வாரம் ஆகி, கடைசித் தவணை ஊசி போட்டு, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே நடை.

மனிதர்களைக் கடிக்கப் பாயும் நாய்க்கு முதலில் தேவைப்படுபவர் பயிற்சியாளர். நடத்திக்கொண்டு போவதும் பழக்குவதும் வேறு வேறு தொழில். ‘ரெண்டையும் நானே பார்த்துக்கிறேன் சார்’ என்று சொல்பவரிடம் எப்படிப் பழக்குவீர்கள் என்று கேளுங்கள். அடி, கழுத்தை இறுக்கும் சோக் செயின், பட்டினி என்று பதில் போனால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நல்ல ஆளை எங்கே தேடுவது?

உங்கள் நாயைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் கேளுங்கள். மருத்துவரைவிட அங்கே இருக்கும் உதவியாளருக்கு இந்த விவரம் கூடுதலாகத் தெரிந்திருக்கும். எந்த வீட்டு நாயை யார் கூட்டி வருகிறார், கூட்டி வருபவரிடம் நாய் எப்படி ஒட்டி நிற்கிறது என்று தினமும் பார்ப்பவர் அவர். செயலிகள் மூலமும் ஆள் கிடைக்கும். ஆனால் செயலி செய்யும் சரிபார்ப்பு அடையாள அட்டையோடு நின்றுவிடும், கைப்பழக்கத்தைப் பார்க்காது.

எங்களுக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. காலை 5.30 மணிக்கு உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ போய் நில்லுங்கள். வேறு வீட்டு நாய்களோடு போகும் வாக்கர்களை, அவர்களுக்குத் தெரியாமல், நாலு நாள் கவனியுங்கள். மரத்தடியில் மோந்து பார்க்க நாயை விடுகிறாரா, கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறாரா? ஒரு கை கைபேசியில் இருக்கிறதா? டீக்கடைக் கம்பத்தில் நாயைக் கட்டிவிட்டுத் தினத்தந்தி படிக்கிறாரா? நேர்காணலில் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெரியவராது.

போனில் முதலில் என்ன கேட்பது?

ஒரே கேள்வி போதும்: ‘காலையில் எத்தனை வீடு பார்க்கிறீர்கள்?’

கணக்கு எளிது. ஒரு நாய்க்கு 30 நிமிட நடை. அடுத்த வீட்டுக்குப் போய், லிஃப்ட் ஏறி, லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் வார்) மாட்டி இறங்க 10 நிமிடம். ஆக ஒரு வீட்டுக்கு 40 நிமிடம். கோடை அல்லாத மாதங்களில் வெயில் ஏறுவதற்கு முன் கிடைப்பது 5.30 முதல் 7.30 வரை இரண்டு மணி நேரம். அதற்குள் மூன்று வீடுதான் பார்க்க முடியும். பைக்கில் வேகமாகப் போனாலும், ஒரே அடுக்ககத்தில் இரண்டு வீடு அமைந்தாலும், முழு அரை மணி நடையோடு நான்காவது வீட்டுக்கு நேரம் இருக்காது. ‘ஏழு வீடு பார்க்கிறேன்’ என்பவர் ஒன்று 15 நிமிடத்தில் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார், அல்லது வெவ்வேறு வீட்டு நாய்களை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போகிறார், அல்லது எட்டரை மணி வெயிலில் நடத்துகிறார். உங்கள் நாய்க்கு வரிசையில் எந்த இடம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பக், ஷிட்ஸூ, புல்டாக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு முதல் இடம் கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

இரண்டு மூன்று நாய்களைச் சேர்த்துக் கூட்டிப்போவது தவறா?

ஒரே வீட்டில் ஒன்றாக வளரும் இரண்டு நாய்கள் என்றால் பரவாயில்லை. வேறு வேறு வீட்டு நாய்களைச் சேர்ப்பதை நாங்கள் ஏற்பதில்லை. நம் தெருவில் நடைபாதை பாதி இருக்கும், பாதி இருக்காது. ஒரு பக்கம் தெருநாய், மறுபக்கம் ஷேர் ஆட்டோ. ஒரு நாய் வெகுண்டு பாய்ந்தால் அந்த ஆத்திரம் பக்கத்திலிருக்கும் நாயின் மீது திரும்பும். அந்த நேரத்தில் ஒரு கை போதாது.

நேர்காணலுக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன். எதைக் கவனிப்பது?

நாய் பசியோடும் இருக்கக் கூடாது, அப்போதுதான் சாப்பிட்டும் இருக்கக் கூடாது. அது தினமும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அவர் உள்ளே வரட்டும். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள்.

தெரிந்தவர் நாயை நேராகப் பார்த்து வரமாட்டார். பக்கவாட்டில் திரும்பி நிற்பார், இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடுவார். நாய் வந்து மோந்து பார்க்கும்வரை கையை நீட்டமாட்டார். தொடும்போது மார்பிலோ தோளிலோ தொடுவார். தெரியாதவர் குனிந்து தலைமேல் கைவைப்பார். ‘எல்லா நாயும் எங்கிட்ட ஒட்டிக்கும்’ என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்வார். அப்போது உங்கள் நாயைப் பாருங்கள்: உதட்டை நக்கிக்கொள்ளும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெள்ளைவிழி தெரியப் பார்க்கும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நாய் சொல்லும் முறை இது. வாக்கருக்கு இது புரிகிறதா என்பதுதான் தேர்வு. புரிந்தவர் ஓர் அடி பின்வாங்குவார்.

அடுத்து லீஷைக் கையில் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். லீஷின் வளையத்தைக் கட்டைவிரலிலோ மணிக்கட்டிலோ மாட்டி, மறு கையால் நடுவில் பிடித்தால் சரி. உள்ளங்கையைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்பவருக்கு ஒரு நாள் விரல் முறியும். 30 கிலோ லாப்ரடார் பூனையைப் பார்த்துப் பாயும்போது அந்தச் சுற்று இறுகும், உதற முடியாது. மாட்டிய பிறகு கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாரா, காலருக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் விட்டுப் பார்க்கிறாரா? இவற்றை யாரும் சொல்லாமல் செய்பவர் தொழில் தெரிந்தவர்.

உங்கள் நாயின் மருந்துகள், சாப்பாடு, பழக்கங்கள் பற்றி அவர் பதிலுக்குக் கேள்வி கேட்கவேண்டும். ‘எதுக்குப் பயப்படும்? கார் துரத்துமா? காதைத் தொட்டா கோபப்படுமா? ஊசி எல்லாம் போட்டாச்சா?’ என்று கேட்காமல் ‘எப்போலேர்ந்து வரணும்?’ என்பதோடு நிறுத்துபவரிடம் நமக்கு நம்பிக்கை வருவதில்லை.

என்னென்ன கேள்விகள் கேட்பது? சரியான பதில் எப்படி இருக்கும்?

‘நாய் பிடிக்குமா?’ என்று கேட்காதீர்கள். பிடிக்காது என்று யாரும் சொல்லப்போவதில்லை. நடந்த சம்பவத்தைக் கேளுங்கள், நடக்கக்கூடியதைக் கேளுங்கள்.

‘இதுவரை உங்கள் கையிலிருந்து நாய் தப்பி ஓடியிருக்கிறதா?’ நாலைந்து வருடம் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு ஒரு முறையாவது நடந்திருக்கும். நடந்ததைச் சொல்லி, எப்படிப் பிடித்தார், வீட்டுக்காரரிடம் எப்போது சொன்னார் என்று விவரிப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘என் கையிலிருந்து ஓடவே ஓடாது’ என்பவர், நாளைக்கு ஓடினால் உங்களிடம் சொல்லாமல் அரை மணி நேரம் தேடிக்கொண்டிருப்பார். தொலைந்த நாயைக் கண்டுபிடிக்க முதல் அரை மணி நேரம்தான் பொன்னானது.

‘ஓடினால் என்ன செய்வீர்கள்?’ துரத்தமாட்டேன் என்பது முதலில் வரவேண்டும். துரத்தினால் நாய் இன்னும் வேகமாக ஓடும், சாலையைக் கடக்கும். எதிர்த் திசையில் ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, தரையில் உட்காருவது, பிஸ்கட் பையைக் குலுக்குவது, உடனே வீட்டுக்குப் போன் போட்டுக் கடைசியாகப் பார்த்த இடத்தைச் சொல்வது என்று பதில் போகவேண்டும்.

‘கீழே கிடந்த கோழி எலும்பைக் கவ்விவிட்டது. என்ன செய்வீர்கள்?’ பிரியாணிக் கடை இருக்கும் எந்தத் தெருவிலும் வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். வெந்த எலும்பு கூராக உடையும், குடலைக் கிழிக்கும். வாய்க்குள் கைவிட்டுப் பிடுங்கினால் நாய் அவசரமாக விழுங்கும், அடுத்த முறை கடிக்கும். அதைவிட மணக்கும் ஒரு தீனியை மூக்கருகே காட்டிக் கீழே போடவைப்பதுதான் வழி. விழுங்கிவிட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைக்குப் போகும் வாக்கர் என்றால் ஒதுங்கிக் கிடக்கும் மீன்களைப் பற்றியும் கேளுங்கள். பேத்தை மீனின் விஷம் நாயைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது.

‘பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு நடக்க மறுத்தால்?’ தூக்கி நிறுத்துவேன், இழுப்பேன் என்பது தவறான பதில். பாதத்தில் முள் இருக்கிறதா, தரை சுடுகிறதா, மூச்சு இரைக்கிறதா என்று பார்ப்பேன் என்பதே சரியான பதில். பல நேரங்களில் கால் விரல்களுக்கு நடுவே ஓர் உண்ணி இருக்கும்.

கடைசியாக ஒன்று: ‘எந்த நாயை வேண்டாம் என்று சொன்னீர்கள்?’ தன்னால் முடியாது என்று ஒரு வேலையையாவது மறுத்தவருக்குத் தன் கையின் அளவு தெரிந்திருக்கிறது.

அவர் ஏற்கெனவே போகும் வீடுகளில் விசாரிக்கலாமா?

கட்டாயம் விசாரியுங்கள். இரண்டு வீடாவது வேண்டும். அதில் ஒன்று அவர் விட்டு நின்ற வீடாக இருந்தால் இன்னும் நல்லது. ‘எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்ல பையன்’ என்றுதான் பதில் வரும். மழை பெய்த நாளில் வந்தாரா, வராத நாளில் முன்கூட்டியே சொன்னாரா, நாய்க்கு அடிபட்டபோது யார் முதலில் சொன்னது, அவர் வரும் சத்தம் கேட்டால் நாய் என்ன செய்யும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

காலரா, ஹார்னெஸா, சங்கிலியா? யார் வாங்கவேண்டும்?

நீங்கள்தான் வாங்கவேண்டும். வாக்கர் தன் பையிலிருந்து எடுக்கும் பொதுவான லீஷ் வேண்டாம். உண்ணியும் சொறியும் வீடு வீடாகப் போவது இப்படித்தான்.

நீளம் 4 முதல் 6 அடி. தட்டையான நைலான் அல்லது பருத்தி. இழுத்தால் நீளும் சுருள்வகை லீஷ் நம் தெருவுக்கு உதவாது. 15 அடி தள்ளி நாய் நிற்கும்போது நடுவில் பைக் வந்தால் நிறுத்த வழியில்லை. இரும்புச் சங்கிலி கைக்கும் நாய்க்கும் வலி, தவிர அதன் மலிவான கொக்கி கடல்காற்றில் துருப்பிடித்து வாய் திறந்துகொள்ளும். மாதம் ஒருமுறை கொக்கியின் ஸ்பிரிங்கை அழுத்திப் பாருங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகிய நாட்டு நாய்களை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இவற்றின் தலை குறுகல். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் கழுத்தைவிட மண்டை அகலமே இல்லை. சாதாரண காலர் எவ்வளவு இறுக்கினாலும் நாய் பின்னோக்கி இழுத்தால் காதுகளைத் தாண்டிக் கழன்றுவிடும். ஓடத் தொடங்கிய சிப்பிப்பாறையை மனிதன் பிடிக்க முடியாது. இழுக்கும்போது மட்டும் ஓரளவுக்கு இறுகும் மார்டிங்கேல் காலர், அதோடு மார்பையும் தோளையும் சுற்றி மாட்டும் ஒரு ஹார்னெஸ், இரண்டையும் லீஷில் சேர்த்து மாட்டவேண்டும். பின்னோக்கி இழுத்தால் காலர் கழலும் என்பது தெரிந்த வாக்கரா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

பக், பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது. அவற்றுக்கு மார்பில் ஒய் வடிவத்தில் அமையும் ஹார்னெஸ்தான். எல்லா நாய்க்கும் உங்கள் கைபேசி எண் பொறித்த ஒரு தகடு காலரில் இருக்கட்டும்.

லிஃப்டில் கூட்டிப்போவதில் என்ன ஆபத்து?

பெரிய ஆபத்து. வாக்கர் உள்ளே, நாய் வெளியே, கதவு மூடிக்கொண்டது. லீஷ் மெலிதாக இருப்பதால் கதவின் சென்ஸாருக்கு அது தெரியாமல் போகலாம். லிஃப்ட் நகர்ந்தால் காலர் கழுத்தைச் சுருக்கிடும். இதைத் தவிர்க்க ஒரே விதி: லிஃப்டுக்கு இரண்டடி முன்பே லீஷை முழுவதும் சுருட்டி, காலர் பக்கத்தில் பிடித்து, நாயும் ஆளும் ஒட்டியபடி ஏறவேண்டும். உள்ளே போனதும் நாய் மூலையில், ஆள் கதவுக்கும் நாய்க்கும் நடுவில். கதவு திறக்கும்போது வெளியே ஒரு குழந்தை நின்றிருந்தாலும் இதனால் பயமில்லை. பரீட்சார்த்த நடையின்போது வாக்கரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். படிக்கட்டில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

பரீட்சார்த்த நடை எப்படி நடத்துவது?

ஒரு வாரம். அந்த வாரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். ‘சும்மா ரெண்டு நாள் வந்து காட்டுங்க’ என்பது நியாயமில்லை.

முதல் நாள் லீஷ் உங்கள் கையில், அவர் பக்கத்தில். நாய் எந்த வளைவில் நிற்கும், எந்த வீட்டு கேட்டைப் பார்த்துக் குரைக்கும் என்று சொல்லிக்கொண்டே போங்கள். இரண்டாம் நாள் லீஷ் அவர் கையில், நீங்கள் பக்கத்தில். மூன்றாம் நாள் இருபது அடி பின்னால் பேசாமல் வாருங்கள். நான்காம் நாள் அவரும் நாயும் மட்டும். ஐந்தாம் நாள் நீங்கள் வேறு வழியில் போய்த் தெருமுனையில் நில்லுங்கள். நீங்கள் இப்படிச் செய்யக்கூடும் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தே வேலைக்கு வருபவருக்கு அது அவமானம் ஆகாது.

நாய்க்குத் தெரிந்த சொற்களையும் இந்த வாரத்தில் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் ‘ஸ்டே’ என்று பழக்கியிருக்க, அவர் ‘நில்லுடா’ என்றால் நாய்க்குப் புரியாது. ஐந்து சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

வெயில் காலத்தில் எந்த நேரம்? எவ்வளவு நேரம்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 6.30க்குள் முடித்துவிடவேண்டும், மாலை 7 மணிக்கு முன் தொடங்கக் கூடாது. மாலையில் வெயில் இறங்கிவிட்டாலும் தார் இறங்காது. புறங்கையை ரோட்டில் 7 விநாடி வைத்துப் பார்க்கவேண்டும். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. கத்திரி நாட்களில் 15 நிமிடம், மலஜலம் கழித்துவிட்டுத் திரும்பினால் போதும். குறைத்தால் சம்பளமும் குறையும் என்று பயந்து முழு அரை மணி நடத்தும் வாக்கர்கள் இருக்கிறார்கள். குறையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். நாயின் உயிரைக் காக்கும் பேச்சு இது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். அடங்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போகவேண்டும். ஈரத் துண்டால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கும். இதை வாக்கர் திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக்கொடுங்கள்.

நடைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி வேண்டும். சாப்பிட்ட ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு வேகமான நடையோ ஓட்டமோ கூடாது. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. காலை நடை முடிந்து அரை மணி கழித்துச் சாப்பாடு வைப்பதே நல்ல பழக்கம்.

மழையிலும் தீபாவளியிலும்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேங்கிய தண்ணீரில் நாயை இறக்கக் கூடாது என்பது உத்தரவாகவே இருக்கட்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சல் வரும். அதற்கும் சேர்த்த தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதைவிட உடனடியான ஆபத்து மின்சாரம். தெருவோர மின்பெட்டி, விளக்குக் கம்பம் அருகே தண்ணீர் நின்றால் செருப்புப் போட்ட மனிதருக்குத் தெரியாமல் போகலாம், வெறுங்காலோடு போகும் நாய் விழும். நாய் கம்பத்தின் அருகே போகத்தான் விரும்பும். வழியை மாற்றிக்கொள்ளவேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய நாட்களிலிருந்தே மாலை நடையை நாலு, நாலரை மணிக்குக் கொண்டுவந்துவிடலாம். தரையின் சூட்டை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். காலரும் ஹார்னெஸும் இரண்டும் மாட்டவேண்டும். வெடிச் சத்தத்தில் நாய் தப்பி ஓடினால் வீட்டு வழி அதற்கு நினைவிருக்காது.

தெருநாய்கள் சூழ்ந்தால் வாக்கர் என்ன செய்யவேண்டும்?

சென்னையில் இதுதான் அன்றாடக் கேள்வி. ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. நல்ல வாக்கர் அந்த எல்லைகளை மனதில் வரைந்து வைத்திருப்பார். எந்தத் தெருவில் புதிதாகக் குட்டி போட்டிருக்கிறது, எந்தக் கடைவாசலில் சோறு வைக்கிறார்கள் என்று தெரிந்து சுற்றிப் போவார்.

சூழ்ந்துவிட்டால் ஓடக் கூடாது, கல்லெடுக்கக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது. லீஷைச் சுருட்டி நாயைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த வழியே மெதுவாகத் திரும்பவேண்டும். ஒரு கைப்பிடி பிஸ்கட்டைத் தூரமாகச் சிதறவிட்டால் பெரும்பாலும் கூட்டம் அங்கே போகும். குடை இன்னும் நல்லது: சட்டென்று விரித்துப் பிடித்தால் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிடும். கடித்துப் பிடித்துக்கொண்டால் இரண்டு வாய்களுக்கு நடுவில் கையை விடக் கூடாது.

வாக்கரையே கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் நான்கு முறை. ரத்தம் வந்த காயம் என்றால், கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நான்கும் முடிந்ததா என்று கேட்டு, போகும் நாட்களுக்குச் சம்பளத்தோடு நேரம் கொடுப்பது உங்கள் கடமை. முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்ட வாக்கர் என்றால் இன்னும் நிம்மதி. அந்தச் செலவை நாய்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஏற்கலாம்.

என் நாய் வழியில் யாரையாவது கடித்தால் யார் பொறுப்பு?

வாக்கர் கையில் இருந்தபோது நடந்தது என்பதால் நீங்கள் தப்பிவிட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் கட்டாமல் விட்ட இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறிய பிறகு சென்னையில் கெடுபிடி கூடியிருக்கிறது. மாநகராட்சி உரிமம், ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி, தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் மூன்றும் சரியாக இருக்கட்டும். அவற்றின் படம் வாக்கரின் கைபேசியிலும் இருக்கட்டும். கடிக்கும் சுபாவம் இருந்தால் அதை மறைத்து வேலைக்கு வைக்காதீர்கள். வாய்மூடி போட்டுப் பழக்கிய பிறகே அனுப்புங்கள்.

வீட்டுச் சாவி கொடுக்கலாமா?

முதல் மூன்று மாதம் வேண்டாம். நாயை வாசலில் வாங்கிக்கொண்டு வாசலில் விடட்டும். சாவி கொடுக்கவேண்டிய நிலை என்றால் ஆதார் நகல், இப்போதைய முகவரி, வீட்டில் ஒருவரின் எண் வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சரிபார்ப்புச் சேவையில் வீட்டு வேலை செய்பவர்களுக்கான பிரிவு இருக்கிறது. அவர் ஒப்புதலோடு அதில் விண்ணப்பிக்கலாம்.

எதிர்வீட்டுப் பையன் கூட்டிப்போகிறேன் என்கிறான். வாட்ச்மேனும் கேட்கிறார்.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 16, 17 வயதுப் பையன் என்றாலும் நாயின் எடையைப் பாருங்கள். வளர்ந்த ராட்வைலர் 50 கிலோவைத் தாண்டவும் செய்யும், 45 கிலோப் பையனை அது இழுத்துக்கொண்டு போகும். வாட்ச்மேன் இரவு முழுக்க விழித்தவர். காலையில் அவருக்குத் தூக்கம் தேவை, அவர் கேட்டை விட்டுப் போவதும் சரியல்ல.

சம்பளம் எப்படிப் பேசுவது?

தொகை ஏரியாவுக்கு ஏரியா மாறும். எண்ணிக்கையை முதலில் பேசுங்கள். ஞாயிறு விடுமுறை என்றால் மாதம் 26 நாள், இரண்டு வேளைக்கு 52 நடை. மாதத் தொகையை 52ஆல் வகுத்தால் ஒரு நடைக்கு என்ன என்று தெரியும். அதை வைத்து மற்ற வாக்கர்களோடு ஒப்பிடலாம். நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கு அரைச் சம்பளமாவது கொடுங்கள். அந்த நேரத்தை அவர் வேறு வீட்டுக்குக் கொடுக்காமல் உங்களுக்காக வைத்திருக்கிறார். தீபாவளி போனஸ், மழைக்கோட்டு, மலம் அள்ளும் பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்கள் கணக்கு. மலத்தை அள்ளுவது வேலையின் பகுதி என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சண்டை வரும்.

அதோடு ஒரு தாள்: மருத்துவர் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை, உங்கள் எண், உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் இன்னொருவர் எண், உங்களைக் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை சிகிச்சைக்குச் செலவு செய்யலாம் என்ற தொகை. பெண் நாய் என்றால் பருவத்துக்கு வரும் காலத்தையும் எழுதுங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம். அந்த நாட்களில் தெருவிலுள்ள அத்தனை ஆண் நாயும் பின்னால் வரும். மொட்டைமாடியே போதும் என்று வாக்கரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒழுங்காக நடத்துகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை ஒரு மணி நேரத்துக்குப் பகிரச் சொல்லலாம். ஆனால் டீக்கடையில் நாயைக் கட்டிவிட்டுக் கைபேசியைப் பையில் வைத்து நடப்பவரையும் அது நடப்பதாகத்தான் காட்டும். நாயைப் பாருங்கள். நடந்து வந்த நாய் தண்ணீர் குடிக்கும், படுக்கும். வந்தவுடன் பால்கனியில் சிறுநீர் கழித்தால் வெளியே அதற்கு நேரம் கிடைக்கவில்லை. சில வாரத்தில் பின்னங்கால் நகம் தேயாமல் வளர்ந்துகொண்டே போனால் நடை குறைகிறது. நகத்தின் முன்பக்கம் மட்டும் உரசி, ரத்தம் கசிந்தால் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

வாரம் ஒருமுறை காது மடல், விரலிடுக்கு, அக்குள், காலருக்குக் கீழே உண்ணி தேடுங்கள். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்த வளையம் தெரிகிறதா என்றும் பாருங்கள். உண்ணி இருந்து, நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு அன்றே போங்கள்.

எப்போது நிறுத்திவிடவேண்டும்?

அவர் வரும் நேரத்தில் நாய் கட்டிலுக்கு அடியில் போனால். அடித்தார் என்று நம்பத்தக்கவர் ஒருவர் சொன்னால். காயத்தை நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு ‘அது நேத்தே ஆச்சு சார்’ என்றால். தனக்குப் பதிலாக உங்களைக் கேட்காமல் வேறு ஆளை அனுப்பினால். இந்த நான்கில் ஒன்று நடந்தாலும் அந்த மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தாமதமாக வருவது, ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடுவது எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. ‘லீஷ் நழுவிடுச்சுங்க, ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிட்டேன், கால்ல சின்னச் சிராய்ப்பு இருக்கு, பாருங்க’ என்று தானாக வந்து சொல்பவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார். சிராய்ப்பைக் கழுவிவிட்டு, கொக்கியா காலரா எது கழன்றது என்று இருவரும் சேர்ந்து பார்த்து, அன்றைக்கே மாற்றுங்கள்.